ஆடையும் அறமும்

மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன மூன்று. உண்ண உணவு, உடுக்க உடை, உறைய உறையுள் என்பன அவை. இவற்றுள் உணவு உயிரைக் காப்பது; உறையுள் உடலைக் காப்பது; உடையோ உடலைக் காப்பதோடு மானத்தையும் காப்பது. ஆதலின், ஒருவர் உடுத்தும் துணியில் நேரும் குறையைச் சிறு குறை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. அது பணத்துக்கு நேர்ந்த இழப்பு மட்டும் அன்று. பல வேளைகளில் மானத்துக்கும் நேர்ந்த இழப்பாகும். கடையில் வாங்கிய துணி பழுதாகிவிட்டால் வாங்கியவர் யாது செய்யலாம்? அவருக்குச் சட்டம் எவ்வகையில் துணை நிற்கிறது? அத்துணையைப் பெற அவர் எவ்வாறு ஒழுக வேண்டும்? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

கோவில்பட்டியைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் பூமி. கோடையில் அம்மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்தால் வெடிப்புகள் மூடிக்கொள்ளும். பெய்த நீரைத் தன் வயிற்றில் நெடுநாள் தேக்கி வைத்துக்கொள்ளும். வற்றாத ஆறு இல்லாத இந்நிலத்தில், அந்த ஈரத்தை நம்பியே கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் விளைகின்றன. கருங்கண்ணி என்னும் பருத்தி வகை இம்மண்ணுக்குப் பெயர் தேடித் தந்தது. மானாவாரிப் பயிர்களை ஆராய்வதற்கென 1901-ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. விளைந்த பருத்தியை நூலாக்கும் ஆலைகளும் இவ்வூரில் எழுந்தன.

ஒரு முழத் துணிக்குப் பின்னே எத்தனை கைகள் உழைத்திருக்கின்றன என்பதைக் கரிசல் மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. உழுதவர், விதைத்தவர், களை பறித்தவர், வெயிலில் குனிந்து பருத்தி எடுத்தவர், கொட்டை நீக்கியவர், நூற்றவர், நெய்தவர், சாயம் தோய்த்தவர் எனப் பலர் கைப்பட்டே துணி கடைக்கு வருகிறது. ஆயினும் பருத்தியை விளைவித்த குடும்பங்கள் பலவற்றில் புதுத்துணி என்பது ஆண்டுக்கு ஒரு முறை காணும் பொருளாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. கோவில்பட்டிக்கு அண்மையில் உள்ள இடைசெவலில் 1923-ஆம் ஆண்டு பிறந்த எழுத்தாளர் கு. அழகிரிசாமி, 'ராஜா வந்திருக்கிறார்' என்னும் சிறுகதையில் இந்நிலையை உருக்கமாகக் காட்டியிருக்கிறார். ஏழைக் குடும்பம் ஒன்றின் தீபாவளித் துணிகளைச் சுற்றியே அக்கதை நிகழ்கிறது. ஒரு துண்டுத் துணிக்கு ஏழையின் வீட்டில் எத்துணை மதிப்பு உண்டு என்பதை அதனைப் படித்தவர் மறவார்.

இனி, நாம் கூறவந்த பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இவ்வூர்ப் பக்கத்தார் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று வழங்கும் தொழிற்சாலையில் கூலி வேலை செய்யும் ஒரு தாய் இருக்கிறாள் எனக் கொள்வோம். அவள் பல வாரக் கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்து, தீபாவளிக்குத் தன் மகளுக்கு ரூ. 1,850 விலையில் ஒரு பட்டுப்பாவாடை வாங்கினாள். பாவாடையின் உடல் மஞ்சள். கரை அரக்குச் சிவப்பு. "சாயம் போகாது, நம்பி எடுத்துக்கொண்டு போ, தாயி" என்று கடைக்காரர் சொன்னார். பண்டிகை கழிந்தபின் அதனைத் தனியே எடுத்துக் குளிர்ந்த நீரில் நனைத்தாள். நனைத்த அளவிலேயே கரையின் சிவப்பு இறங்கி, மஞ்சள் உடலெங்கும் திட்டுத் திட்டாகப் படிந்துவிட்டது. உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு அதனை உடுத்திச் செல்லலாம் என்று எண்ணியிருந்த மகள் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தாய் வருந்துவாள் என்பதை அச்சிறுமி அறிவாள்.

தாய் துணியை எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றாள். "அண்ணாச்சி, ஒரு முறைதான் நனைத்தோம். இப்படி ஆகிவிட்டதே!" என்றாள். கடைக்காரரோ, "நம் ஊர் உப்புத் தண்ணீரில் எந்தச் சாயம்தான் நிற்கும்? அதற்கு நான் என்ன செய்வது?" என்று சொல்லி, சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அதில் எழுதியிருந்தது. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. அதனை நினைத்துக்கொண்டு அத்தாய் வீடு திரும்பியிருந்தால் அதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால், அப்பழமொழி இன்று மெய்யாகத்தான் இருக்க வேண்டுமா? இதுவே நாம் ஆராய வேண்டிய வினா.

முற்காலத்தில் ஐரோப்பிய நாடுகளின் வாணிகத்தில் ஒரு கொள்கை வேரூன்றியிருந்தது. 'வாங்குபவனே விழிப்பாயிரு' என்பது அக்கொள்கை. பொருளைப் பார்த்துத் தேர்ந்து வாங்குவது வாங்குபவன் கடமை. வாங்கியபின் குறை கண்டால் அவன் தன்னையே நொந்துகொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. சந்தையில் மாட்டைப் பல் பார்த்து வாங்கும் காலத்துக்கு இது ஓரளவு பொருந்தும். சாயத்தின் தன்மையும் நூலின் வலிமையும் கண்ணால் பார்த்து அறியத்தக்கன அல்ல. கண்ணுக்குப் புலப்படாத குறைக்கு வாங்குபவனை எவ்வாறு பொறுப்பாக்குவது?

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் விடை கூறியது. ஒரு வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்ட வணிகர், அப்பொருளை வகை கூறி விற்கும்போது, அது விற்பனைக்குத் தகுந்த தரம் உடையது என்னும் உறுதியைச் சொல்லாமலே தருகிறார் என்பது அச்சட்டத்தின் துணிபு. மாதிரியைக் காட்டி விற்றால் கொடுக்கும் பொருள் மாதிரியை ஒத்திருக்க வேண்டும் என்றும் அது விதித்தது. ஆயினும், வாங்குபவர் பொருளை ஆராய்ந்து பார்த்திருந்தால், அவ்வாராய்ச்சியில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு இவ்வுறுதி பொருந்தாது. எனவே, வெளிப்படையான கிழிசலையும் கறையையும் பாராது வாங்கிவிட்டுப் பின்னர் முறையிடுதல் எளிதன்று. நனைத்தால் மட்டுமே வெளிப்படும் குறையோ அத்தகையதன்று. அதற்கு விற்றவரே பொறுப்பாவார்.

இவ்வுண்மையை உலகறியச் செய்தது ஆடையைப் பற்றிய ஒரு வழக்கே ஆகும். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு என்னும் நகரில் கிராண்ட் என்ற மருத்துவர் ஒருவர் வாழ்ந்தார். அவர் 1931-ஆம் ஆண்டில் கடையொன்றில் கம்பளி உள்ளாடைகளை வாங்கி அணிந்தார். அணிந்த சில மணி நேரத்திலேயே தோலில் அரிப்புக் கண்டது. அது முற்றிக் கொடிய தோல் நோயாகி, அவரைப் பல வாரம் மருத்துவமனையில் கிடத்தியது. கம்பளியைப் பதப்படுத்தப் பயன்படுத்திய கந்தகச் சேர்மம் முற்றும் கழுவப்படாமல் ஆடையில் தங்கியிருந்ததே நோய்க்குக் காரணம் என்று அவர் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் வென்றார்; மேல் நீதிமன்றத்தில் தோற்றார்; இறுதியாக 1935-ஆம் ஆண்டில் இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. விற்ற கடையும் பொறுப்பு. செய்த ஆலையும் பொறுப்பு என்பது அத்தீர்ப்பு. அதில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. 'இன்ன பயனுக்காக வாங்குகிறேன்' என்று வாங்குபவர் சொல்லியிருக்க வேண்டும் என்னும் வாதம் அங்கு நிற்கவில்லை. உள்ளாடை உடுப்பதற்கன்றி வேறு எதற்கு? அப்பயன் சொல்லாமலே விளங்குவது.

இந்நுட்பத்தை நம் எடுத்துக்காட்டில் வைத்துப் பாருங்கள். பாவாடை உடுப்பதற்கு உரியது. உடுத்தியதைத் துவைப்பதும் இயல்பு. கரையை வேறாகவும் உடலை வேறாகவும் பிரித்துத் துவைக்க எவராலும் இயலாது. ஒரே துணியில் உள்ள இரு நிறங்களுள் ஒன்று மற்றொன்றைக் கெடுக்குமானால், அது துவைத்தவர் குற்றம் அன்று. சாயம் தோய்த்தவர் குற்றம். சாயம் நூலின் உள்ளே நன்கு பற்றவில்லை என்றாலும், பற்றாது எஞ்சிய சாயம் கழுவி நீக்கப்படவில்லை என்றாலும், முதல் நீரிலேயே அது இறங்கிவிடும். உப்புத் தண்ணீரின் மேல் பழி போடுவதும் எளிதில் ஏற்கத்தக்கதன்று. கோவில்பட்டியில் விற்கும் துணி கோவில்பட்டி மக்கள் நாள்தோறும் புழங்கும் நீரைத் தாங்க வேண்டும் அன்றோ? 'இதனை நீரில் நனைத்தல் கூடாது. உலர் சலவையே செய்க' என்று விற்கும்போதே கூறியிருந்தால் நிலைமை வேறாகும். கூறியதோ, 'சாயம் போகாது' என்பது.

வாங்குவோர் நலம் என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் வலுப்பெற்றது. 1962-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, நாடாளுமன்றத்துக்கு விடுத்த செய்தி ஒன்றில், வாங்குவோர்க்கு உரிய உரிமைகளை வகுத்துரைத்தார். அந்நாளே உலக நுகர்வோர் உரிமை நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1985-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை இதற்கென நெறிமுறைகளை ஏற்றது. அடுத்த ஆண்டு, 1986 திசம்பர் 24-ஆம் நாள், இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. கோவில்பட்டியை உள்ளடக்கிய தூத்துக்குடி மாவட்டம் திருநெல்வேலியினின்று பிரிந்து உருவானதும் அதே 1986-ஆம் ஆண்டில்தான். அச்சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2020 சூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்தது. தீங்கினின்று காக்கப்படும் உரிமை, பொருளைப் பற்றி அறியும் உரிமை, தேர்ந்தெடுக்கும் உரிமை, முறையீடு கேட்கப்படும் உரிமை, இழப்புக்கு ஈடு பெறும் உரிமை, நுகர்வோர் கல்வி பெறும் உரிமை என்னும் ஆறும் இச்சட்டத்தால் உறுதி பெற்றவை. மாணவர்களே! இப்பாடத்தை நீங்கள் படிப்பதும் அவற்றுள் இறுதி உரிமையின் பயனே என்று கொள்ளலாம்.

சுவரில் தொங்கிய பலகையின் நிலை யாது? புதிய சட்டம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. குறையுள்ள பொருளை விற்றபின் அதனைத் திரும்பப் பெறவும் விலையைத் திருப்பித் தரவும் மறுப்பது முறையற்ற வணிகச் செயல் என்பது சட்டம். பில்லில் காலவரை குறிக்கப்பட்டிருந்தால் அக்காலத்துக்குள்ளும், குறிக்கப்படாவிடின் 30 நாள்களுக்குள்ளும் திரும்பப் பெற வேண்டும். வாங்கிய பொருளுக்குப் பில் தர மறுப்பதும் முறையற்ற செயலே. ஆகவே, ஒரு பலகையை எழுதித் தொங்கவிடுவதால் நாட்டின் சட்டம் மாறிவிடாது. ஆனால் இதனையும் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்: சட்டம் பேசுவது குறையுள்ள பொருளைப் பற்றி. 'நிறம் பிடிக்கவில்லை', 'அக்காள் வேறு வாங்கியிருக்கிறாள்' என்று துணியை மாற்றிக் கேட்பது உரிமை ஆகாது. அது கடைக்காரரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது.

உரிமை உண்டு என்று அறிந்தால் மட்டும் போதாது. அதனை நிறுவச் சான்று வேண்டும். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைத்த நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். கணவனை இழந்த பெண் ஒருத்தி, அயலூரில் தன்னந்தனியே நின்று, நாடாளும் மன்னனை எதிர்த்து வழக்காடினாள். அவள் கண்ணீர் காண்போர் நெஞ்சை உருக்கியது உண்மை. ஆனால் வழக்கை வென்றது கண்ணீர் அன்று. அரசியின் சிலம்பில் இருந்த பரல் முத்து; தன் சிலம்பில் இருந்த பரல் மாணிக்கம். அவள் சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, மன்னன் தன் பிழையை உணர்ந்தான். எளியவர் சொல்லை அம்பலம் ஏற்றும் ஏணி சான்று என்பதை இக்காப்பிய நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

துணி வழக்கில் சான்றாவன எவை? முதலாவது பில். அதில் கடையின் பெயரும் நாளும் பொருளின் பெயரும் விலையும் இருக்க வேண்டும். துண்டுத்தாளில் தொகையை மட்டும் எழுதித் தந்தால் அதனை ஏற்காமல் முறையான பில்லைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். இரண்டாவது, பழுதான துணி. கோபத்தில் அதனைக் கிழித்தலும் எறிதலும் ஆகா. மீண்டும் மீண்டும் துவைத்துக் கறையைப் போக்க முயல்வதும் ஆகாது. மூன்றாவது, துணியில் தைத்திருக்கும் சிறு சீட்டு. நீர்த்தொட்டி போன்ற குறி துவைக்கும் முறையையும், முக்கோணம் வெளுப்பு மருந்தையும், வட்டம் உலர் சலவையையும், இஸ்திரிப் பெட்டியின் வடிவம் தேய்ப்பதையும் குறிக்கும். குறியின் மேல் பெருக்கல் கோடு இட்டிருந்தால் அதனைச் செய்தல் கூடாது என்பது பொருள். நான்காவது, பழுது தெரியுமாறு எடுத்த ஒளிப்படம்.

சான்றுகளைத் திரட்டியபின் முதலில் கடைக்காரரிடமே செல்லுதல் முறை. உரத்துப் பேசுதலும் கடை வாயிலில் கூட்டம் சேர்த்தலும் நம் வழக்கைத் தளர்த்துமேயன்றி வளர்க்கா. வாய்ச்சொல்லுக்குப் பயன் இல்லையெனில் கடிதம் எழுத வேண்டும். அக்கடிதம் சுருக்கமாகவும் பணிவாகவும் உறுதியாகவும் இருத்தல் வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வந்த தாயின் பொருட்டு, பள்ளியில் பயிலும் அவள் மகளே கீழ்க்காணுமாறு எழுதலாம்.

"ஐயா, வணக்கம். தங்கள் கடையில் இவ்வெண்ணும் நாளும் உள்ள பில்லின்படி ரூ. 1,850 கொடுத்துப் பட்டுப்பாவாடை ஒன்று வாங்கினேன். சாயம் போகாது என்று தாங்கள் உறுதி கூறினீர்கள். அதனைத் தனியே, குளிர்ந்த நீரில், ஒரே முறை நனைத்தபோது கரையின் சிவப்புச் சாயம் இறங்கி மஞ்சள் உடலில் படிந்துவிட்டது. துணியும் பில்லும் என்னிடம் உள்ளன. தாங்கள் விரும்பும்போது காட்டுகிறேன். குறையற்ற வேறு பாவாடை தருமாறும், அன்றேல் விலையைத் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் கண்ட பதினைந்து நாள்களுக்குள் விடை இல்லையெனில், தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாட வேண்டியிருக்கும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

இக்கடிதத்தில் வசைச்சொல் ஒன்றேனும் இல்லை, மிகைக்கூற்றும் இல்லை. நடந்தது யாது, கேட்பது யாது, எத்தனை நாளில் என்னும் மூன்றும் தெளிவாக உள்ளன. தாயே கையொப்பமிட்டு, கடிதத்தின் படி ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, சேர்ந்தமைக்குச் சான்று கிடைக்கும் வகையில் விரைவு அஞ்சலில் விடுத்தல் நன்று. 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைத் தொலைபேசியில் அழைத்தும் முறையிடலாம். மையம் வணிகருக்குச் செய்தி அனுப்பி இணக்கம் காண முயலும். வழக்குகள் பல இந்த அளவிலேயே முடிந்துவிடும். நற்பெயரை முதலாகக் கொண்ட கடைக்காரர், தெளிவான கடிதத்தைக் கண்டவுடன் தம் நிலையை மீண்டும் எண்ணிப் பார்ப்பார்.

அதற்கும் பயன் இல்லையாயின் மாவட்ட ஆணையத்தில் வழக்கிடலாம். குறை நேர்ந்த நாளினின்று இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். வாங்குபவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். கடை எங்கோ தொலைவில் இருந்தாலும், துணியை இணையவழியாக வாங்கியிருந்தாலும் இவ்வுரிமை உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை ரூ. 5 இலட்சத்துக்கு மேற்படாவிடின் கட்டணம் இல்லை. வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. தாமே நின்று வழக்குரைக்கலாம். எதிர்வழக்கர் 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும். ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாள் தரலாம். குறையை ஆய்வால் அன்றி அறிய இயலாதெனின், ஆணையம் துணியின் மாதிரியை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். இருவரும் இசைந்தால் சமரசத்துக்கும் அனுப்பலாம். ஆய்வு வேண்டாத வழக்கை மூன்று மாதத்திலும், வேண்டும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் விருப்பம். நடைமுறையில் காலம் நீளுதலும் உண்டு; ஆதலின் பொறுமையும் ஒரு கருவியாகும்.

குறை உண்மையெனக் கண்டால் ஆணையம் குறையை நீக்கவோ, புதுப்பொருள் தரவோ, விலையைத் திருப்பித் தரவோ கட்டளையிடும். வணிகரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கும் துன்பத்துக்கும் தனியே ஈட்டுத்தொகையும், வழக்குச் செலவும் தருமாறு ஆணையிடலாம். தீர்ப்பில் மனநிறைவு கொள்ளாதவர் 45 நாள்களுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆணையை மதியாது நடப்பவருக்குச் சிறையும் தண்டமும் உண்டு.

விற்ற துணிக்கு மட்டுமன்றி, வெளுக்கவும் தைக்கவும் ஒப்படைத்த துணிக்கும் இந்நெறி பொருந்தும். நுகர்வோர் சட்டம் பிறப்பதற்கு முன்னரே சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்த 'லில்லி ஒயிட்' வழக்கு இதற்குத் தக்க சான்று. சலவைக் கடையில் ஒருவர் கொடுத்த புதுச்சேலை காணாமல் போயிற்று. கடைக்காரர் தாம் கொடுத்த சீட்டில் அச்சிட்டிருந்த நிபந்தனையைக் காட்டினார். துணி தொலைந்தால் அதன் மதிப்பில் ஒரு பகுதியை மட்டுமே கேட்கலாம் என்பது அந்நிபந்தனை. இத்தகைய நிபந்தனையை ஏற்றால் நேர்மையின்மைக்குப் பரிசளித்ததாக முடியும். பிறர் புதுத்துணியைக் குறைந்த விலைக்குத் தமதாக்கிக்கொள்ள வழி திறந்துவிடும். ஆதலின் அது பொதுநலனுக்கு மாறானது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1966-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் வெளிவந்த இத்தீர்ப்பைச் சட்டம் பயில்வோர் இன்றும் படிக்கின்றனர்.

இவ்வழக்கை எண்ணும்போது பெரியபுராணத்தில் வரும் திருக்குறிப்புத் தொண்டர் நினைவுக்கு வருகிறார். காஞ்சி நகரில் அடியவர்களின் துணியை வெளுத்துக் கொடுப்பதே அவர் செய்த தொண்டு. ஒரு நாள் முதிய அடியவர் ஒருவர் தம் அழுக்குக் கந்தையைக் கொடுத்தார். மாலைக்குள் தந்துவிடுவதாகத் தொண்டர் வாக்களித்தார். மழையோ விடாது பெய்தது; துணி உலரவில்லை. வாக்குப் பிழைத்ததே என்று வருந்தி, துணி துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோதிக்கொள்ளத் துணிந்தார். இறைவன் கை தோன்றித் தடுத்தது என்கிறார் சேக்கிழார். கந்தை ஒன்றுக்காக உயிரையே ஈடாக வைக்கத் துணிந்த அவ்வுள்ளம் எங்கே? புதுச்சேலையைத் தொலைத்துவிட்டு அச்சிட்ட வரியைக் காட்டிய நிலை எங்கே? பிறர் பொருள் நம் கையில் இருக்கும்போது அதனை எவ்வாறு பேண வேண்டும் என்பதை இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் அறியலாம்.

வணிகர்க்கு உரிய அறத்தைத் திருவள்ளுவர் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் உரைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் கருதிச் செய்வதே வணிகர்க்கு நல்ல வாணிகம் என்பது அவர் கருத்து. ஆனால் நடுவுநிலைமை விற்பவருக்கு மட்டும் உரியதன்று, வாங்குபவருக்கும் உரியது. வெந்நீரில் ஊறவைத்துத் தாமே கெடுத்த துணியையும், பலமுறை உடுத்திக் கிழித்த துணியையும் கடைக்காரர் தலையில் கட்ட முயல்வது வஞ்சனை. குறையுள்ளது என்று வெளிப்படையாகச் சொல்லி விலை குறைத்து விற்ற துணியை வாங்கிவிட்டு, அக்குறைக்கே ஈடு கேட்பதும் முறையன்று. சிறு கடைக்காரரும் பெரும்பாலும் மொத்த வணிகரை நம்பிச் சரக்கு எடுப்பவரே. வாங்கியவர் முறைப்படி கேட்டால்தான், கடைக்காரர் மொத்த வணிகரைக் கேட்பார்; மொத்த வணிகர் சாயப்பட்டறையைக் கேட்பார். கேளாதிருந்தால் அப்பிழை எவரையும் உறுத்தாது. அடுத்த தீபாவளிக்கும் அதே சாயம் வேறொரு வீட்டுக்குச் செல்லும்.

இதனைக் கரிசல் மக்கள் எளிதில் உணர்வர். பருத்தியில் ஈரம் ஏற்றினாலும் கொட்டையும் சருகும் கலந்தாலும் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். 'சுத்தப் பருத்திக்கே முழு விலை' என்று உழவரிடம் வற்புறுத்தும் வாணிக உலகம், அப்பருத்தி துணியாகித் திரும்பி வரும்போது அதே நீதியை உழவர் வீட்டுப் பெண்ணுக்கும் வழங்க வேண்டும் அன்றோ? கொடுக்கும்போது ஒரு நிறைகோல், கொள்ளும்போது வேறு நிறைகோல் என்பது அறமாகாது.

ஆகவே மாணவர்களே! பொருள் வாங்கும்போது பில் கேட்பதில் நாணம் கொள்ளாதீர். துணியின் சீட்டைப் படித்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் எழுத்தறியாத பெரியோர் இருந்தால், அவர்கள் பொருட்டுக் கடிதம் எழுதிக் கொடுங்கள். நீங்கள் கற்ற தமிழுக்கு அதனினும் சிறந்த பயன் இல்லை. நடந்ததைத் திரிக்காமல், கேட்பதை மிகுக்காமல், பணிவு குன்றாமல், அச்சம் இன்றி எழுதப்பட்ட ஒரு பக்கக் கடிதம், ஏழையின் சொல்லையும் அம்பலம் ஏற்றும்.